ஜாய்ஸ்டிக் பக்கம்: ஹேலோ யாரு வீட்டுப் பிள்ளை?

2025 அக்டோபர் 24. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் 'ஹேலோ' உலக சாம்பியன்ஷிப் அமர்க்களமா நடந்துட்டு இருக்கு. (ஹலோ இல்லை பாஸ், ஹேலோ! சாமி படத்துல தலைக்குப் பின்னாடி ஒரு ஒளிவட்டம் இருக்குமே, அதுதான் அர்த்தம்.) அங்கேதான் அந்த அறிவிப்பு வந்தது. ஹேலோ வரிசையோட முதல் கேமைப் புதுசா செதுக்கி, 'ஹேலோ: கேம்பெய்ன் எவால்வ்டு'ங்கற பேர்ல 2026-ல் விடப்போறோம். எக்ஸ்பாக்ஸ்ல வரும், கம்ப்யூட்டர்ல வரும், அப்புறம்... பிளேஸ்டேஷன் 5-லயும் வரும்!

கேம் பக்கமே போகாதவங்க, 'இதுல என்னப்பா இருக்கு?'னு கேட்பீங்க. ஆடுறவங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கும். எக்ஸ்பாக்ஸ்னு ஒரு பெட்டி கடைக்கு வந்த முதல் நாள்லேர்ந்து அதோட முகமே ஹேலோதான். 24 வருஷமா சோனியோட பிளேஸ்டேஷன் வாசலை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. நம்ம ஊர் அம்மன் தேரை, நூறு வருஷப் பகையாளியான பக்கத்து ஊர்க்காரங்களைக் கூப்பிட்டு, 'வாங்க, வடம் பிடிங்க'ன்னு சொன்ன மாதிரி ஒரு விஷயம் இது.

இந்தப் பிள்ளையை எங்கேர்ந்து தூக்கிட்டு வந்தாங்க, எப்படி வளர்த்தாங்க, இப்ப ஏன் எதிர்வீட்டுக்கும் அனுப்புறாங்க? இந்த வாரம் ஃபுல்லா அந்தக் கதைதான். நடுவுல கொஞ்சம் கணக்கு வரும். இன்ஜினீயரிங் பையன் எழுதறான், பொறுத்துக்கங்க.

கணக்கை முதல்லயே முடிச்சுடலாம். 2020 நவம்பர்ல எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இந்தியாவுக்கு வந்தப்ப விலை ரூ.49,990. 2021 பிப்ரவரியில டிஸ்க் போடற பி.எஸ்.5 வந்தது. அதுவும் ரூ.49,990. பத்து ரூபாய்கூட வித்தியாசம் இல்லை! உள்ளே இருக்கற பிராசஸர், கிராஃபிக்ஸ் ரெண்டுமே ஏ.எம்.டி. கம்பெனி சரக்கு. அப்பாகிட்ட கெஞ்சிக் கூத்தாடி அம்பதாயிரம் தேத்திட்டுக் கடைக்குப் போற பையன் எதை வெச்சு முடிவு பண்ணுவான்? 'இந்த கேம் அதுல வராது மச்சி'ங்கற ஒரே பாயின்ட்டை வெச்சுதான். அந்த 'அதுல வராது'க்குப் பேர்தான் எக்ஸ்க்ளூசிவ்.

பெட்டியை வித்து கம்பெனிகள் பெரிசா சம்பாதிக்கறது கிடையாது. 2006-ல சோனி பி.எஸ்.3-ஐ இறக்கினப்ப ஒவ்வொரு பெட்டிக்கும் கையைவிட்டுக் காசு போட்டுத்தான் வித்தது. சம்பாத்தியம் எல்லாம் அதுக்கப்புறம்தான். வேற கம்பெனி தயாரிச்ச கேமை நீங்க அவங்க ஆன்லைன் கடையில 100 ரூபாய்க்கு வாங்கினா, சுமாரா 30 ரூபாய் பெட்டிக்காரருக்கு. உங்களை ஒரு தடவை உள்ளே இழுத்துப் போட்டுட்டா ஏழெட்டு வருஷத்துக்கு நீங்க அந்தக் கடையோட வாடிக்கை. அந்த ஒரு தடவைக்குத்தான் இவ்வளவு அலப்பறையும்!

பூட்டு போட்ட தாத்தா

இந்த விளையாட்டுல எல்லாருக்கும் சீனியர் நின்டெண்டோ. 1985-ல அமெரிக்காவுல அவங்க விட்ட என்.இ.எஸ். பெட்டிக்குள்ள ஒரு குட்டிச் சிப் இருந்தது. அதே ஜோடிச் சிப் கேம் கார்ட்ரிட்ஜ்லயும் இருந்தாதான் பெட்டி வேலை செய்யும். அந்தச் சிப் வேணும்னா நின்டெண்டோகிட்டதான் போய் நிக்கணும். கார்ட்ரிட்ஜையே அவங்கதான் தயாரிச்சுக் கொடுப்பாங்க, பணத்தை முன்கூட்டியே கட்டணும். வருஷத்துக்கு 5 கேம்தான் அனுமதி. அதைவிடக் கொடுமை, இங்கே விட்ட கேமை 2 வருஷத்துக்கு வேற எந்தப் பெட்டியிலும் விடக்கூடாது!

ஹாஸ்டல் வார்டன் தோத்தார் போங்க. ஆனா வார்டன் இருந்தா எகிறிக் குதிக்கறவனும் இருப்பான் இல்லையா? கோனாமி கம்பெனி 'அல்ட்ரா கேம்ஸ்'னு ரெண்டாவதா ஒரு பேரை வெச்சுக்கிட்டு, அஞ்சுக்கு மேலயும் கேம் விட்டுச்சு. அரசாங்கத்தோட கண்ணும் கோர்ட்டுக் கேஸும் சேர்ந்து அழுத்த, 1990 வாக்குல அந்த 2 வருஷக் கண்டிஷன் காலி.

அந்த அடக்குமுறைக்கு எல்லாரும் பழி வாங்கக் காத்துட்டு இருந்தாங்களோ என்னவோ, 1997-ல பெரிய பல்பு கிடைச்சது. 'ஃபைனல் ஃபேன்டஸி' வரிசையை அதுவரைக்கும் நின்டெண்டோவுக்கே பண்ணிட்டு இருந்த ஸ்கொயர் கம்பெனி, ஏழாவது பாகத்தைத் தூக்கிக்கிட்டு சோனி பக்கம் போயிடுச்சு. காரணம் ரொம்ப சிம்பிள். நின்டெண்டோ 64 இன்னமும் கார்ட்ரிட்ஜையே கட்டிக்கிட்டு அழுதுட்டு இருந்தது. அதுல அதிகபட்சம் 64 எம்.பி.தான் அடங்கும். பிளேஸ்டேஷன் சி.டி.யில 650 எம்.பி. ஃபைனல் ஃபேன்டஸி 7-க்கு அப்படி 3 சி.டி. தேவைப்பட்டுச்சு. படம் காட்ட நினைச்ச டைரக்டருக்குத் தாயக்கட்டை சைஸ்ல திரை கொடுத்தா அவர் என்ன பண்ணுவார்? எனக்குத் தெரிஞ்சு, எக்ஸ்க்ளூசிவ் சரித்திரத்துலயே ரொம்ப கௌரவமான வெற்றி இதுதான். பூட்டும் போடலை, மிரட்டவும் இல்லை. வேலை செய்யறவனுக்கு வேணுங்கற இடத்தைக் கொடுத்தாங்க, அவ்வளவுதான்.

வாடகைக்கு வந்த மாப்பிள்ளைகள்

அதே சோனி அடுத்த ரவுண்டுல சும்மா இருக்கலை. மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸோட வருதுன்னு தெரிஞ்சதும், கேம் கம்பெனிகள் சிலதைக் கூப்பிட்டு, '2 வருஷத்துக்கு எங்களுக்கு மட்டும்'னு பேசி முடிச்சாங்க. அப்ப சோனியோட ஐரோப்பா பிரிவுத் தலைவரா இருந்த கிறிஸ் டீரிங், பிற்பாடு ஒரு பேட்டியில இதை ஓப்பனாவே சொன்னார். அப்படி மாட்டின கேம்கள்ல ஒண்ணு, ஜி.டி.ஏ. 3. அதுக்கு முந்தின ஜி.டி.ஏ. எல்லாம் மேலேர்ந்து பார்க்கற மாதிரி சின்னச் சின்ன கார் ஓடற கேம். மூணாவது பாகம் 2001 அக்டோபர்ல பி.எஸ்.2-ல் வந்து உலகத்தையே புரட்டிப் போடும்னு கையெழுத்துப் போட்டப்ப யாருக்கும் தெரியாது. எக்ஸ்பாக்ஸ்காரங்க கைக்கு அது கிடைச்சப்ப 2003 முடியப் போகுது!

இந்த வாடகை டெக்னிக்ல காமெடிகளும் உண்டு. 2006-ல நடந்த ஒரு கண்காட்சி மேடையில மைக்ரோசாஃப்ட் அதிகாரி பீட்டர் மூர் சட்டைக் கையை மடக்கிக் காட்டினார். கையில 'ஜி.டி.ஏ. 4'னு பச்சை! நம்ம ஊர் ரசிகர் மன்றத் தலைவர் தோத்துட்டார். ஆனா, 2008-ல அந்த கேம் பி.எஸ்.3-லயும் அதே நாள்ல வந்துச்சு. மைக்ரோசாஃப்ட் கொடுத்த 5 கோடி டாலருக்குக் கிடைச்சது, பிற்சேர்க்கையா வந்த ரெண்டு எபிசோடு மட்டும்தான். அதுவும் 2010-ல எதிர்வீட்டுக்குப் போயிடுச்சு. பச்சை என்னாச்சுன்னு கேட்காதீங்க.

2014-ல 'ரைஸ் ஆஃப் த டூம் ரைடர்' எக்ஸ்பாக்ஸ் எக்ஸ்க்ளூசிவ்னு அறிவிச்சாங்க. ரசிகர்கள் கொதிச்சதும், 'ஒப்பந்தத்துக்குக் காலக்கெடு உண்டு'ன்னு எக்ஸ்பாக்ஸ் தலைவர் ஃபில் ஸ்பென்சர் சொல்ல வேண்டியதாப் போச்சு. 2015 நவம்பர் 10-ம் தேதி கேம் வந்தது. அதே நாள்ல ரிலீஸான இன்னொரு கேம், 'ஃபால்அவுட் 4'. தீபாவளிக்கு சூப்பர் ஸ்டார் படத்தோட மோதின மாதிரி ஆயிடுச்சு நிலைமை. அடுத்த வருஷ அக்டோபர்ல லாரா கிராஃப்ட் அக்கா பி.எஸ்.4-க்கும் வந்து சேர்ந்தாங்க.

ஸோ, டிரெய்லர் கடைசியில 'எக்ஸ்க்ளூசிவ்'னு எழுத்து மின்னினா, உடனே உண்டியலை உடைக்காதீங்க. எத்தனை மாசத்துக்குன்னு பாருங்க. ஒரு வருஷம் பொறுத்தா உங்க வீட்டுப் பெட்டிக்கே வந்துடலாம், அதுவும் விலை குறைஞ்சு.

எல்லா பணமும் இப்படிப் பிடுங்கி வைக்கறதுக்குத்தான் போகுதுன்னு சொன்னா அது அநியாயம். 'பேயோனெட்டா 2' நின்டெண்டோவோட 'வி யு'வில மட்டும்தான் வரும்னு 2012-ல சொன்னப்ப பழைய ரசிகர்கள் திட்டித் தீர்த்தாங்க. ஆனா, நின்டெண்டோ பணம் போடலைன்னா அந்த கேமே பிறந்திருக்காது. சேகா அதைக் கைவிட்டிருந்தது. இருக்கற பிள்ளையைத் தூக்கிட்டுப் போறது வேற, பிறக்கவே வழியில்லாத பிள்ளைக்குச் செலவு பண்றது வேற. திட்டறதுக்கு முன்னாடி இந்த ஒரு வித்தியாசத்தைப் பார்த்துட்டுத் திட்டலாம்.

வாங்கின வீடும் வளர்த்த ஆளும்

இப்ப நம்ம ஹீரோவுக்கு வருவோம். சிகாகோவுல 1991-ல ஆரம்பிச்ச சின்ன கம்பெனி, பங்கி. ஆப்பிள் மேக் கம்ப்யூட்டருக்கு கேம் பண்ணிப் பேர் வாங்கினவங்க. 1999 ஜூலையில நியூயார்க்ல மேக்வேர்ல்டு மேடையில ஸ்டீவ் ஜாப்ஸே ஏறி நின்னு அறிமுகப்படுத்தின கேம்தான் ஹேலோ. ஆமா பாஸ், அது ஆப்பிள் மேடையில அரங்கேறின பிள்ளை! சரியா ஒரு வருஷம்கூட ஆகலை, 2000 ஜூன்ல மைக்ரோசாஃப்ட் பங்கியை மொத்தமா வாங்கிடுச்சு. ஜாப்ஸுக்குக் கோபம்னா கோபம். அவரைச் சமாதானப்படுத்த போன் பண்ண வேண்டியிருந்த கதையை, அப்ப மைக்ரோசாஃப்ட்ல கேம் பிரிவைப் பார்த்துட்டு இருந்த எட் ஃப்ரைஸ் பிற்பாடு பேட்டிகள்ல சொல்லியிருக்கார்.

2001 நவம்பர் 15. எக்ஸ்பாக்ஸும் ஹேலோவும் ஒரே நாள்ல ரிலீஸ். 2004-ல ஹேலோ 2, முதல் நாள் மட்டும் 12.5 கோடி டாலர் வசூல். 2007 செப்டம்பர் 25-ல ஹேலோ 3, அமெரிக்காவுல முதல் நாள் 17 கோடி டாலர்.

இங்கேதான் ட்விஸ்ட். அந்த 17 கோடி கொண்டாட்டக் கேக் காயறதுக்குள்ள, அக்டோபர் 5-ம் தேதி, பத்தே நாள்ல, பங்கி மைக்ரோசாஃப்ட்டை விட்டுப் பிரியுதுன்னு அறிவிப்பு! சுதந்திரமா வேற கேம் பண்ணணும்னு அவங்களுக்கு ஆசை. மைக்ரோசாஃப்ட்டும் ஒத்துக்கிச்சு. ஹேலோங்கற பேரு, கதை, அந்தப் பச்சைக் கவச ஹீரோ மாஸ்டர் சீஃப்... எல்லாம் மைக்ரோசாஃப்ட்டுக்கு. அதை உருவாக்கின ஆட்கள் மட்டும், பாக்கியிருந்த ரெண்டு ஹேலோவையும் முடிச்சுக் கொடுத்துட்டு, வெளியே.

பேரை வெச்சுக்கிட்டாச்சு. கேமை யார் பண்றது? அதுக்காகவே '343 இண்டஸ்ட்ரீஸ்'னு புது ஸ்டுடியோ ஆரம்பிச்சாங்க. அடுத்து நடந்ததை நம்ம பாஷையில சொன்னாதான் புரியும். சீனியர் விட்டுட்டுப் போன மினி புராஜெக்ட் கோடை வாங்கி ஓட்டிப் பார்த்திருக்கீங்களா? ஒரு வரி கமெண்ட் இருக்காது. வேரியபிள் பேரெல்லாம் டெம்ப், டெம்ப் ஒன்று, டெம்ப் இரண்டு. எதைத் தொட்டாலும் வேற எங்கேயோ வெடிக்கும். சீனியருக்கு போன் பண்ணினா பெங்களூர்ல ஜாயின் பண்ணிட்டார், எடுக்க மாட்டார். ஒரு செமஸ்டர் மார்க்குக்கே நமக்கு இந்தக் கதி. கோடிக்கணக்கான டாலர் கேமோட கதியை யோசிங்க.

ஹேலோ இன்ஃபினிட் 'ஸ்லிப்ஸ்பேஸ்'னு ஒரு சொந்த இன்ஜின்ல ஓடுச்சு. அதோட அடிவேர் பங்கி காலத்துப் பழைய கோடு. வெளியே எந்த காலேஜ்லயும் கோச்சிங் சென்டர்லயும் அதைச் சொல்லித் தர மாட்டாங்க. உள்ளே வந்துதான் கத்துக்கணும். 2021 டிசம்பர்ல ப்ளூம்பெர்க் செய்தி நிறுவனம் ஒரு விவரமான ரிப்போர்ட் போட்டுச்சு. அந்த கேமுக்கு ஒப்பந்த ஊழியர்களைத்தான் பெரிய அளவுல நம்பியிருந்தாங்க. மைக்ரோசாஃப்ட் விதிப்படி ஒப்பந்த ஊழியர் தொடர்ச்சியா 18 மாசம்தான் இருக்க முடியும், அப்புறம் 6 மாசம் வெளியே போயாகணும். புது இன்ஜின் பிடிபடவே மாசக்கணக்காகும். பிடிபட்டு, கை ஓட ஆரம்பிக்கறப்ப கேட்டுக்கு வெளியே. அடுத்து வர்றவர் மறுபடி 'அ'னா 'ஆவன்னா'விலேர்ந்து!

ரிசல்ட்? 2020 ஜூலையில ஹேலோ இன்ஃபினிட்டை ஆடிக் காட்டினாங்க. அதுல வந்த ஒரு வில்லனோட களிமண் பொம்மை முகத்துக்கு நெட் மக்கள் 'கிரெய்க்'னு பேர் வெச்சு ஓட்டின ஓட்டு இருக்கே... கேமைத் தள்ளிப் போட்டுட்டாங்க. 2020 நவம்பர்ல புது எக்ஸ்பாக்ஸ் ஹேலோ இல்லாமலே கடைக்கு வந்தது. கேம் வர 2021 டிசம்பர் ஆச்சு. ஆடின எனக்கு அது மோசமான கேமாத் தெரியலை, கையில நல்லாவே ஓடும். ஆனா, கல்யாணம் முடிஞ்ச மறுவருஷம் வந்த பத்திரிகைக்கு மொய் யார் எழுதறது? 2024 அக்டோபர்ல 343 தன் பேரை 'ஹேலோ ஸ்டுடியோஸ்'னு மாத்திக்கிட்டு, சொந்த இன்ஜினை விட்டுட்டு இனி எல்லாரும் பயன்படுத்தற அன்ரியல் இன்ஜின் 5-க்கு மாறறோம்னு சொல்லிடுச்சு.

ஒரு ஸ்டுடியோவை வாங்கறப்ப கையில கிடைக்கறது பெயர்ப்பலகை, காப்பிரைட் பேப்பர், கம்ப்யூட்டர், மேஜை, நாற்காலி. கேம் எப்படிப் பண்றதுங்கற சூட்சுமம் ஆட்களோட தலைக்குள்ள இருக்கு. அது சாயங்காலம் ஆறு மணிக்கு பேக்கை மாட்டிக்கிட்டு வீட்டுக்குக் கிளம்பிடும். மறுநாள் காலையில அது திரும்பி வருமாங்கறதுதான் கேள்வியே. மைக்ரோசாஃப்ட் 2002-ல 37.5 கோடி டாலர் கொடுத்து இங்கிலாந்தின் ரேர் ஸ்டுடியோவை வாங்கினப்பவும் இதே கதைதான். 'கோல்டன்ஐ' பண்ணின டீம்ல முக்கியமான சிலர் அதுக்கு முன்னாடியே கிளம்பித் தனிக்கடை போட்டிருந்தாங்க. ரேரை ஆரம்பிச்ச ஸ்டாம்பர் சகோதரர்களும் 2007-ல விடைபெற்றாச்சு.

எதிர்த்த மாதிரி சோனி வீட்டைப் பாருங்க. 'க்ராஷ் பேண்டிகூட்' பண்ணின நாட்டி டாக், 'ஸ்பைரோ' பண்ணின இன்சோம்னியாக்... ரெண்டும் ஆரம்பத்துல யூனிவர்சல் ஸ்டுடியோ வளாகத்துல பக்கத்துப் பக்கத்து வீடு. ரெண்டு பேரையும் அப்ப கைபிடிச்சுக் கொண்டுபோன மார்க் செர்னிங்கறவர், பின்னாடி பி.எஸ்.4, பி.எஸ்.5 ரெண்டையும் வடிவமைச்ச தலைமை ஆர்க்கிடெக்ட். பெட்டி செய்யறவரும் கேம் செய்யறவங்களும் பல வருஷப் பழக்கம்! 2001-ல நாட்டி டாக்கை சோனி வாங்கினப்ப க்ராஷோட உரிமை யூனிவர்சல்கிட்டயே தங்கிடுச்சு. போனாப் போகுதுன்னு ஆட்களை மட்டும் கூட்டிட்டு வந்தாங்க. மைக்ரோசாஃப்ட் ஹேலோவுல பண்ணினதுக்கு அப்படியே உல்ட்டா. அந்த ஆட்கள்தான் 2007-ல 'அன்சார்ட்டட்', 2013-ல 'த லாஸ்ட் ஆஃப் அஸ்' கொடுத்தாங்க. (அங்கேயும் ராத்திரி பகலா ஆட்களைப் பிழிஞ்சாங்கன்னு 2020-ல செய்தி வந்தது. சொர்க்கம்னு நினைச்சுடாதீங்க.)

இன்சோம்னியாக்கை சோனி அவசரப்பட்டு வாங்கவே இல்லை. 1996-லேர்ந்து பழக்கம். நடுவுல 2014-ல 'சன்செட் ஓவர்டிரைவ்'னு எக்ஸ்பாக்ஸுக்கே ஒரு கேம் பண்ணிட்டுத் திரும்பி வந்தாங்க. 2018-ல பி.எஸ்.4-க்கு 'ஸ்பைடர்மேன்' பண்ணாங்க. ஒரு வருஷத்துக்குள்ள 1.3 கோடி காப்பி. அதுக்கப்புறம்தான், 2019-ல, 22.9 கோடி டாலருக்குக் கைமாத்தினாங்க.

இந்தத் தொகையை ஞாபகம் வெச்சுக்கங்க. 2023 அக்டோபர்ல மைக்ரோசாஃப்ட் ஆக்டிவிஷன் பிளிஸார்டை வாங்கி முடிச்சது 6,870 கோடி டாலருக்கு. வகுத்துப் பாருங்க. சரியா 300 இன்சோம்னியாக்!

சரி, 300 மடங்கு கொடுத்து வாங்கின 'கால் ஆஃப் டியூட்டி'யைப் பூட்டி வெச்சாங்களா? முடியலை. கவர்மென்ட்டுகளோட சம்மதத்தை வாங்கறதுக்கே 10 வருஷத்துக்கு எல்லாருக்கும் கொடுப்போம்னு நின்டெண்டோ, சோனின்னு வரிசையா ஒப்பந்தம் போட வேண்டியதாச்சு. கவர்மென்ட் சும்மா விட்டிருந்தாலும் பூட்டியிருக்க முடியாதுன்னுதான் நினைக்கிறேன். அவ்வளவு போட்ட காசை எடுக்கணும்னா பிளேஸ்டேஷன்காரங்ககிட்டயும் வித்தாகணும் இல்லையா? எவ்வளவு பெரிய செக்கோ, அவ்வளவு அகலமா கதவைத் திறந்து வைக்கணும்.

செக்கை விடுங்க, ஒரு கேமுக்கே எவ்வளவு ஆகுதுங்கறது அந்தக் கேஸ்லதான் லீக்காச்சு. 2023 ஜூன்ல அமெரிக்க கோர்ட்டுக்கு சோனி கொடுத்த பேப்பர்ல ரகசிய நம்பர்களை மார்க்கர் பேனாவால அடிச்சிருந்தாங்க. ஸ்கேன் பண்ணிப் பார்த்தா அடிச்சது அத்தனையும் பளிச்னு தெரியுது! 'த லாஸ்ட் ஆஃப் அஸ் 2'-க்கு 22 கோடி டாலர், 'ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்'டுக்கு 21.2 கோடி டாலர். இவ்வளவைக் கொட்டிட்டு ஒரே பெட்டிக்குள்ள விக்கறது சோனிக்கே மூச்சு வாங்குது. 2020-லேர்ந்து அவங்க கேம்கள் ஒவ்வொண்ணா கம்ப்யூட்டருக்குப் போறதும், 2025 ஆகஸ்ட்ல 'ஹெல்டைவர்ஸ் 2' எக்ஸ்பாக்ஸுக்கே போனதும் இதனாலதான்.

பூட்டை இன்னமும் கழட்டாம இருக்கறது நம்ம பழைய வார்டன் நின்டெண்டோ ஒருத்தர்தான். மாரியோவும் செல்டாவும் அவங்க பெட்டியில மட்டும்தான். எப்படி முடியுது? 'வி யு' கன்சோல் மண்ணைக் கவ்வினப்ப (மொத்தமே 1.35 கோடிதான் வித்தது) ஆட்களைக் குறைக்கலாமேன்னு பங்குதாரர்கள் கேட்டாங்க. வேலை போயிடுமோன்னு பயந்துட்டு இருக்கறவங்களால உலகத்தை அசத்தற கேம் பண்ண முடியாதுங்கற அர்த்தத்துல 2013-ல பதில் சொன்னார் தலைவர் சடோரு இவாடா. 2014 ஜனவரியில தன் சம்பளத்துல பாதியை 5 மாசத்துக்கு வெட்டிக்கிட்டார். (அதே வருஷம் ஜெர்மனியில ஒரு ஆபீஸை மூடினாங்க, அதையும் சொல்லிடணும்.) 1977-ல சேர்ந்த மியாமோட்டோவும் 1988-ல சேர்ந்த அவோனுமாவும் அங்கேயே இருந்தாங்க. 2017-ல 'ஸ்விட்ச்'சும் அதோட புது செல்டாவும் வந்தது. ஸ்விட்ச் 15 கோடியைத் தாண்டி வித்தது.

இதுக்கு நேர் எதிர்க் கதை டேங்கோ. ஜப்பான் ஸ்டுடியோ. 2021-ல பெதஸ்டா குடும்பத்தோட சேர்ந்து மைக்ரோசாஃப்ட் கைக்கு வந்தது. 2023 ஜனவரியில எந்த விளம்பரமும் இல்லாம அவங்க விட்ட 'ஹை-ஃபை ரஷ்' பாட்டுத் தாளத்துக்கு அடிதடி போடற கேம். ஆடிப் பாருங்க, சுண்டு விரல்கூடத் தாளம் போடும். 2024 ஏப்ரல்ல அனிமேஷனுக்கு 'பாஃப்டா' விருது. மே மாசம் ஸ்டுடியோவுக்கு இழுத்து மூடு விழா. அதுக்கு மறுநாள், 'விருது வாங்கித் தர்ற சின்ன கேம்கள் நமக்குத் தேவை'ங்கற ரீதியில எக்ஸ்பாக்ஸ் அதிகாரி ஒருத்தர் ஊழியர்கள்கிட்ட பேசினதா செய்தி வந்தது. சிரிக்கறதா, அழறதா? நல்லவேளையா ஆகஸ்ட்ல அந்த டீமையும் கேமையும் கிராஃப்டன் எடுத்துக்கிச்சு. நாம பஸ்ல போறப்ப ஆடற பி.ஜி.எம்.ஐ. இருக்கே, அதே கம்பெனிதான்.

அப்ப பங்கி? மறந்துடலை. மைக்ரோசாஃப்ட்டை விட்டு வந்து, 2014-ல 'டெஸ்டினி' பண்ணி, நல்லாவே இருந்தாங்க. 2022-ல அவங்களை 360 கோடி டாலருக்கு வாங்கினது யார் தெரியுமா? சோனி! ஹேலோவைப் பெத்தவங்க பிளேஸ்டேஷன் வீட்டுல, ஹேலோ மட்டும் எக்ஸ்பாக்ஸ் வீட்டுல. அந்த 360 கோடியில மூணுல ஒரு பங்கு, 120 கோடி டாலர், ஊழியர்கள் வேலையை விட்டுப் போகாம இருக்கறதுக்குன்னே ஒதுக்கினதா சோனி சொன்னுச்சு. படிச்சப்ப, 'அப்பாடா, ஒருத்தராவது விஷயத்தைப் புரிஞ்சுக்கிட்டாங்களே!'ன்னு நினைச்சேன். 2023 அக்டோபர்ல பங்கியில சுமார் 100 பேருக்கு வேலை போச்சு. 2024 ஜூலையில 220 பேருக்கு.

கேம்பஸ் இன்டர்வியூவுக்கு ரெஸ்யூமே தயார் பண்ணிட்டு இருக்கற நம்ம செட்டுக்குச் சொல்றேன். 'பிரமாண்ட கம்பெனி, குட்டி ஸ்டுடியோவை வாங்கியது'ன்னு ஃப்ளாஷ் நியூஸ் வந்தா கைதட்டிட்டு, ஒண்ணரை வருஷம் கழிச்சு அதே கம்பெனி பேரைத் திரும்ப ஒருமுறை தேடிப் பாருங்க. நான் அப்படித் தேடி ஒரு நோட்டுல எழுதி வெச்சுட்டு வர்றேன். ஆக்டிவிஷனை வாங்கி மூணே மாசத்துல, 2024 ஜனவரியில, மைக்ரோசாஃப்ட் கேம் பிரிவுல 1,900 பேரை அனுப்பினது அந்த நோட்டுல முதல் பக்கம்.

ஹேலோ புது கேமுக்காக முதல்ல ஆடிக் காட்டின லெவல், 'த சைலன்ட் கார்ட்டோகிராஃபர்'. கடற்கரையில வந்து இறங்கற அந்தக் காட்சி 2001-ல எக்ஸ்பாக்ஸை வித்துக் கொடுத்தது. இப்ப அதே மணல்ல பி.எஸ்.5 பசங்களும் கால் வைக்கப் போறாங்க. ஒரே டீம்ல நாலு பேர் ஆடலாம்.

நீங்க எந்த கேமுக்காக எந்தப் பெட்டியை வாங்கினீங்க, அந்த கேம் இன்னமும் அங்கேயே இருக்கா, இல்லை எதிர்வீட்டுக்கும் போயிடுச்சா? போஸ்ட் கார்டோ மெயிலோ, எழுதிப் போடுங்க. செம மேட்டரா இருந்தா இந்தப் பக்கத்துலயே போடறேன். அடுத்த வாரம், டூப்ளிகேட் கார்ட்ரிட்ஜ்களோட சரித்திரம். '9999 இன் 1'னு மேலே போட்டிருக்கும், உள்ளே நிஜமா எத்தனை கேம் இருக்குன்னு எண்ணிட்டு வர்றேன்!